சென்னையில் நிற்பதாகச் சொன்ன வாடிக்கையாளர்

வெளிநாட்டுப் பயணத்தில் வங்கி அட்டையை எப்படிப் பாவிப்பது என்று லண்டனில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கோடை இதழுக்குப் பயனுள்ளதாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். 'பயனுள்ளதாக' என்ற சொல்லை இதழாசிரியர் திரும்பவும் ஒருமுறை அழுத்திச் சொன்னார். என்னைப் பற்றி அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

பயனுள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர்கள் இதை மட்டும் படித்துவிட்டு விமானம் ஏறலாம். வெளிநாட்டுக் கடையில் கார்ட் மெஷின் பவுண்டிலா உள்ளூர்க் காசிலா என்று கேட்டால் உள்ளூர்க் காசையே அமத்துங்கள். பவுண்டை அமத்தினால் மாற்று விலையை அந்த மெஷின்காரர் தீர்மானிப்பார். தன் பங்கையும் அதற்குள் வைத்துக்கொள்வார். கார்ட் உங்கள் கண்ணை விட்டுப் போகக்கூடாது. பின் நம்பரை அமத்தும்போது மற்றக் கையால் மூடுங்கள். பக்கத்தில் நிற்பவர் உங்கள் மச்சான் என்றாலும் மூடுங்கள். மச்சான் என்றால் கட்டாயம் மூடுங்கள். இரண்டு கார்ட் கொண்டுபோங்கள். இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். தெருவோரம் தனியே நிற்கும் காசு மெஷினை நம்பாதீர்கள். வங்கிக்கு உள்ளே இருப்பதைக்கூட, கார்ட் போடும் வாயில் நகல் எடுக்கும் கருவி ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் பாவிப்பேன். அந்த நேரத்தில் என் மனைவி கொஞ்சம் தள்ளிப் போய், என்னைத் தெரியாதவர் போல் நிற்பார்.

இவ்வளவும் எந்த இணையத்தளத்திலும் கிடைக்கும். கிடைக்காத ஒன்றை எழுதத் தூண்டியவள் நிலானி. நான் வேலை பார்த்த வங்கியில், நான் இருந்த பிரிவில் மிஞ்சியிருப்பதில் அவள் வேலை செய்கிறாள். அண்மையில் குரோய்டனில் ஒரு கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள்.

"அங்கிள், உங்கட ட்ராவல் நோட் எல்லாம் இப்ப இல்லை. போன் எங்க நிக்குதெண்டு பாங்க் ஆப்புக்கே தெரியும். எந்த நாட்டுக்குப் போறியள் எண்டு கஸ்டமரிட்டக் கேக்கிற வேலையே இல்லை."

"கஸ்டமர் போற இடத்தை மாத்திச் சொன்னால் என்ன செய்யிறது?"

"ஏன் அங்கிள் மாத்திச் சொல்லப்போகினம்? ஹொலிடே தானே!"

அவள் லண்டனில் பிறந்தவள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாம் தெரிந்த ஒரு தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்திருப்பதில் இவ்வளவு பேருக்கு எப்படி நிம்மதி வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. சாப்பாட்டுக்கு எழும்பும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது செல்வராசாவின் நினைவு வந்தது. செல்வராசா என்பது அவருடைய பெயர் அல்ல. வேலையை விட்ட பிறகும் வாடிக்கையாளரின் பெயரை வெளியே சொல்ல வாய் வருவதில்லை.

நான் கணிதம் படித்தவன். இந்த நாட்டுக்கு வந்ததும் அந்தக் கணிதத்தை ஒரு பெட்ரோல் நிலையத்தில் சில்லறை எண்ணுவதற்குப் பாவித்தேன். பிறகு ஒரு வங்கிக் கிளையின் கவுண்டர். அங்கிருந்து மாலை வகுப்பு, சோதனைகள், அட்டை மோசடி தடுக்கும் பிரிவு. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சந்தேகப்படக் கற்றுத்தருவதற்கென்று சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு அவர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வேலை இதுதான். வெளிநாட்டில் ஒரு கார்ட் வழக்கத்துக்கு மாறாகப் பாவிக்கப்பட்டால் கணினி அதை மறித்துவிடும். மறிக்கப்பட்டவர் கோபத்தோடு தொலைபேசி எடுப்பார். அவர் உண்மையான சொந்தக்காரரா, திருடனா என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். கேள்விகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கின் தலையாய விதி, பதிலை நாங்கள் எடுத்துக் கொடுக்கக்கூடாது என்பது. "நீங்கள் பாரிஸில்தானே நிற்கிறீர்கள்?" என்று கேட்டவர்கள் அடுத்த கிழமை வேறு பிரிவில் இருந்தார்கள். "எங்கே நிற்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். பேசாமல் இருப்பதுதான் அந்த வேலையில் மிகக் கடினமான பகுதி.

எங்கள் மேலதிகாரி டொறீன். ரொம்ஃபர்ட் பக்கத்துப் பெண். அவர் கதிரையில் உட்கார்ந்து நான் கண்டதில்லை. ஒரு கோப்பை வெந்நீரோடு எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். அதில் தேயிலையும் இல்லை, பாலும் இல்லை, வெறும் வெந்நீர். யாராவது "பிடித்துவிட்டேன், இவன் திருடன்தான்" என்று உற்சாகப்பட்டால் பின்னால் வந்து நிற்பார். குரலை உயர்த்தமாட்டார். "உங்களுக்குத் தெரியுமா, அல்லது அப்படி இருந்தால் நல்லது என்று நினைக்கிறீர்களா?" என்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு உற்சாகப்பட்டவர் பாதித் திருடர்களை விட்டுவிடுவார். அவர்களில் பெரும்பாலானோர் திருடர்களாக இருந்ததுமில்லை.

டொறீன் என்னையும் சந்தேகப்பட்டார். அதை நான் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். பெட்ரோல் நிலையங்களில் கார்டுகளை நகல் எடுக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கிய காலத்தில், காலைக் கூட்டத்தில் அந்தச் செய்தி வாசிக்கப்பட்டதும் அறையில் இருந்த தலைகள் என் பக்கம் திரும்பின. டொறீனின் தலை மட்டும் திரும்பவில்லை. கூட்டம் முடிந்த பிறகு அவர் என்னிடம் வந்து, "நீங்கள் பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்தீர்களா?" என்று நேரே கேட்டார். "ஓம்" என்றேன். "நகல் எடுத்தீர்களா?" என்றார். "இல்லை" என்றேன். "நன்றி" என்று சொல்லிவிட்டு வெந்நீரோடு போய்விட்டார். திரும்பிப் பார்த்தவர்களைவிட அவர்மீது எனக்கு மதிப்புக் கூடியது அன்றைக்குத்தான்.

எங்கள் சனத்தின் கோப்புகள் தனி ரகம். தி. நகர் புடவைக் கடையில் தன் கார்டை யாரோ களவாகப் பாவித்துவிட்டார்கள் என்று ஹரோவிலிருந்து ஒருவர் துடிதுடித்துத் தொலைபேசி எடுப்பார். விசாரித்தால் இரண்டாவது கார்ட் அவருடைய மனைவியின் கைப்பையில் இருக்கும், மனைவி தி. நகரில் இருப்பார். "மச்சான் ஊருக்குப் போகேக்கை கார்டையும் பின்னையும் குடுத்துவிட்டனான், அதில என்ன பிழை?" என்று கேட்பவர்கள் உண்டு. அதில் என்ன பிழை என்று விளக்குவதற்குள் எனக்கு மதிய இடைவேளை முடிந்துவிடும்.

ஆனால் எங்களிடம் மட்டுமே நான் கண்ட ஒரு பழக்கம் வேறு. மற்றவர்கள் பயணம் போவதற்கு முன் வங்கிக்குச் சொல்லுவார்கள்: ஸ்பெயினுக்குப் போகிறேன், துருக்கிக்குப் போகிறேன் என்று. நாங்கள் கணக்கில் ஒரு பயணக் குறிப்புப் போடுவோம். கார்ட் அங்கே தடங்கல் இல்லாமல் வேலை செய்யும். எங்களவர்களும் சொல்லுவார்கள். இந்தியாவுக்குப் போகிறோம் என்று சொல்லுவார்கள். சொல்லிவிட்டுக் கொழும்பில் இறங்குவார்கள்.

காரணம் நிலானிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இந்த நாட்டில் அகதியாக விண்ணப்பித்தபோது, இலங்கைக்குத் திரும்பிப் போனால் உயிர் தப்பாது என்று ஹோம் ஒபிஸ் என்ற உள்துறை அமைச்சின் அதிகாரியிடம் சொல்லித்தான் நாங்கள் தங்கினோம். அது அன்றைக்கு உண்மை. பிறகு விசா வந்தது, பிரஜாவுரிமை வந்தது, பிரிட்டிஷ் பாஸ்போட் வந்தது. சட்டப்படி எங்கே போனாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் சட்டப்படி என்ற சொல்லை நம்பி வளர்ந்த சனம் நாங்கள் அல்ல. வங்கி, கவுன்சில், வைத்தியசாலை, நூலகம், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கதவு இருக்கிறது, அது ஹோம் ஒபிஸுக்குள் திறக்கிறது என்பது எங்களில் பலருடைய உள்மனக் கணக்கு. ஆகவே வங்கிக்கும் இந்தியா. வேலையிடத்துக்கும் இந்தியா. சிலர் வீட்டில் பிள்ளைகளுக்கும் இந்தியா, கோயில்கள் பார்க்க.

செல்வராசா தொலைபேசி எடுத்தது ஒரு காலை நேரம். லண்டன் கைத்தொலைபேசி இலக்கம். எங்கிருந்து பேசினாலும் அதே இலக்கம்தான் தெரியும். குரல் அறுபது வயதைத் தாண்டியது. ஆங்கிலம் திருத்தமாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு வந்தது. தன் கார்ட் வேலை செய்யவில்லை என்றார். அவசரம் என்றார். பெயர், பிறந்த திகதி, விலாசம், கடைசியாக லண்டனில் எங்கே பாவித்தார் என்பது, எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். நோர்பரியில் மீன் வாங்கியதைக்கூடச் சொன்னார்.

"இப்போது எங்கே நிற்கிறீர்கள்?"

"சென்னை" என்றார்.

என் திரையில் கணினி மறித்த கொடுப்பனவு இருந்தது. கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலை. சற்று முன்தான் திரும்பத் திரும்ப முயன்றிருக்கிறார்கள். கணக்கில் இருந்த பயணக் குறிப்பு, இந்தியா.

நான் விதிப்படி பேசாமல் இருந்தேன். அவருக்குப் பின்னால் ஒலிபெருக்கி ஒன்று யாரோ வைத்தியரைக் கூப்பிட்டது. சிங்களத்தில் கூப்பிட்டது.

"எதற்காகக் காசு கட்டுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"என் மனைவிக்கு நெஞ்சு நோ. இதயக் குழாயில் அடைப்பு. உடனே திறக்க வேண்டுமாம். முன்பணம் கட்டினால்தான் உள்ளே கொண்டுபோவார்கள். அவ தள்ளுவண்டியில் படுத்திருக்கிறா. எனக்கு முன்னால்தான். தயவுசெய்து சீக்கிரம்."

அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கையை உயர்த்தினேன். டொறீன் ஏற்கெனவே பின்னால் நின்றார். திரையையும், அதில் நான் குறித்திருந்த சென்னையையும் பார்த்தார்.

"ஆள் சென்னையில், கார்ட் கொழும்பில். அப்படியென்றால் கார்ட் களவு போயிருக்கிறது. ரத்துச் செய்ய வேண்டும்."

அவர் சொன்னது சரி. எழுதிவைத்த ஒழுங்கு அதுதான். கார்டின் சொந்தக்காரர் ஒரு நாட்டிலும் கார்ட் இன்னொரு நாட்டிலும் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. ரத்துச் செய்த கார்டைத் திரும்ப உயிர்ப்பிக்கவும் முடியாது. புதிய கார்ட் நோர்பரி வீட்டுக் கதவுக்குள் வந்து விழும்.

"அவர் பொய் சொல்கிறார். கொழும்பில்தான் நிற்கிறார்" என்றேன்.

"பொய் சொல்கிறார் என்பது ரத்துச் செய்யாமல் இருப்பதற்குக் காரணமா?"

பின்னால் சிங்களம் கேட்டது என்றேன். கார்டைத் திருடியவன் கொழும்பு வைத்தியசாலையில் நின்றாலும் அதே சிங்களம்தான் கேட்கும் என்றார். அதுவும் சரி. ஹோம் ஒபிஸ், அகதி விண்ணப்பம், கதவுக்குப் பின்னால் கதவு என்று சுருக்கமாகச் சொன்னேன். டொறீன் வெந்நீரைக் குடித்தார்.

"உங்களுக்குத் தெரியுமா, அல்லது அப்படி இருந்தால் நல்லது என்று நினைக்கிறீர்களா?"

அந்த மனிதர் எங்கள் ஆள். அவர் உண்மையானவராக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன் என்பதில் ஐயமில்லை. அதனாலேயே அந்த விருப்பத்தை நான் நம்பவில்லை. என் சந்தேகத்தை என் மீதே திருப்பி, கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். திருடன் என்றால் என்ன சொல்லியிருப்பான்? கார்ட் கொழும்பில் மறிக்கப்பட்டதென்று அவனுக்குத் தெரியும். கொழும்பில் நிற்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பான். சென்னை என்று சொல்ல அவனுக்கு என்ன தேவை?

"வங்கிக்கு இந்தியா என்று சொல்லிவிட்டுப் போனது யாருக்குத் தெரியும்?" என்று டொறீனிடம் கேட்டேன். "எங்களுக்குத் தெரியும், சொன்னவருக்குத் தெரியும். திருடனுக்குத் தெரியாது. அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டிய தேவை அதைச் சொன்னவருக்கு மட்டும்தான் இருக்கிறது."

டொறீன் கோப்பையை என் மேசையில் வைத்தார். அதற்கு முன் அவர் கோப்பையை எங்கேயும் வைத்து நான் பார்த்ததில்லை.

"நல்லது. இது தெரிந்துகொண்டது, விரும்பியது அல்ல" என்றார். "ஆனால் இடத்தை அவரே சொல்ல வேண்டும். நீங்கள் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது."

தமிழில் பேச அனுமதி கேட்டேன். மேலதிகாரி இணைப்பில் இருந்தால் பேசலாம் என்று ஒரு விதி இருந்தது, யாரும் பாவித்ததில்லை. டொறீன் இன்னொரு ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

தமிழைக் கேட்டதும் செல்வராசாவுக்கு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். நிலைமை மோசமாகியது.

"ஐயா, நான் தமிழ். தமிழில கதைப்பம்."

 "நீர் ஆர்?" என்றார்.

"வங்கியில கார்ட் பிரிவில வேலை செய்யிறன்."

"வெள்ளைக்காரன் கேட்டது காணாதெண்டு தமிழனை விட்டுக் கேக்கினமோ? எந்த ஊர் நீர்?"

எங்கள் சனத்தின் பாதுகாப்புக் கேள்வி அது. வங்கியின் கேள்விகளைவிட நம்பகமானது. ஆனால் சொந்த விபரம் எதையும் வாடிக்கையாளருக்குச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.

"அது சொல்லேலாது ஐயா."

"ஊரைச் சொல்லாத தமிழன்! எனக்கு விளங்குது." அவர் குரல் இறுகியது. "எங்களைப் பிடிச்சுக் குடுத்ததெல்லாம் ஆர் தம்பி? தமிழ் தெரிஞ்சவங்கள்தானே."

 உண்மையைச் சொன்னால், அவருடைய இடத்தில் நானும் அதையே கேட்டிருப்பேன். டொறீன் என்னைப் பார்த்தார். கார்டை ரத்துச் செய்யும் பொத்தானுக்கு மேல் என் விரல் நிற்கவில்லை. ஆனால் அது இருக்கும் இடம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

"சரி ஐயா, என்னை நம்ப வேண்டாம்" என்றேன். "நான் சொல்லுறதை மட்டும் கேளுங்கோ. நீங்கள் சென்னையில நிக்கிறன் எண்டு சொல்லுறியள். உங்கட கார்ட் சென்னையில இல்லை. வேற ஒரு நாட்டில ஆரோ அதைப் பாவிக்கினம். அப்ப அது களவு. களவெண்டால் இப்பவே நான் அந்தக் கார்டை வெட்டோணும். வெட்டினால் பிறகு ஒட்டேலாது."

"ஐயோ, வெட்டிப்போடாதேங்கோ!"

"அப்ப எங்க நிக்கிறியள்?"

ஒலிபெருக்கி திரும்பவும் யாரையோ கூப்பிட்டது. ஒரு பெண் பக்கத்தில் வந்து காசு விடயம் என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்பதும், "வன் மினிட், வன் மினிட்" என்று இவர் கெஞ்சுவதும் கேட்டது.

"வேற கார்ட் இருக்கோ ஐயா?"

"வீட்டில விட்டிட்டு வந்தனான். ரெண்டையும் கொண்டுவந்தால் ரெண்டும் களவு போயிடும் எண்டு." பிறகு மெதுவாக, "இது ரெக்கோட் ஆகுதோ?" என்றார்.

"ஓம்."

"ஆர் கேக்கிறது?"

"என்ர மேலதிகாரி பக்கத்தில இருக்கிறா. வெள்ளைக்காரப் பொம்பிளை. அவவுக்குத் தமிழ் தெரியாது."

"ஹோம் ஒபிஸ்?"

"ஹோம் ஒபிஸ் இல்லை ஐயா. உங்களிட்ட என்ன பாஸ்போட்?"

"பிரிட்டிஷ்."

"பிறகேன் பயப்பிடுறியள்?"

"தந்தவன் திருப்பிப் பறிக்கமாட்டான் எண்டு நீர் எழுதித் தருவீரோ?"

நான் எழுதித் தரமாட்டேன். அப்போதும் தரமாட்டேன், இப்போதும் தரமாட்டேன். என் பாஸ்போட்டையே ஒவ்வொரு முறை புதுப்பிக்கக் கொடுக்கும்போதும் அது திரும்பி வரும்வரை நான் சரியாகத் தூங்குவதில்லை. அதனால் பேசாமல் இருந்தேன். அந்தமுறை விதிக்காக இல்லை.

அந்த மௌனத்தில் அவர் தனக்குள் பேசுவது போல் தொடங்கினார். அழுகிறாரா, கோபப்படுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

"அண்டைக்கு அந்த ஒபிசருக்கு முன்னால இருந்து, திருப்பி அனுப்பினால் என்னை உயிரோட விடமாட்டாங்கள் எண்டு கையெடுத்துக் கும்பிட்டனான். அது பொய்யில்லைத் தம்பி. என்ர தம்பியைச் சாக்கொண்டவங்கள். அப்பிடிச் சொல்லிப்போட்டு, இண்டைக்குக் கொழும்பில நிக்கிறன், என்ர மனிசிக்குக் காசு எடுத்துவிடுங்கோ எண்டு நானே என்ர வாயால சொல்லுறதோ? எந்த மூஞ்சியோட சொல்லுறது?"

டொறீன் ஒரு விரலை உயர்த்தினார். அத்தனை தமிழுக்குள்ளும் அவர் காத்திருந்த ஒரு சொல் விளங்கிவிட்டது, கொழும்பு. அது போதும். இடத்தை அவரே சொல்லிவிட்டார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

தடையை எடுத்தேன். "ஐயா, இப்ப போட்டுப் பாருங்கோ. போனை வைக்காதேங்கோ" என்றேன். கார்டை மெஷினுக்குள் விட்டுப் பின் நம்பரை அமத்தச் சொன்னேன். 

"மெஷின் என்னவோ கேக்குது. பவுண்டோ ரூபாயோ எண்டு."

"ரூபாயை அமத்துங்கோ."

"ஏன் ரூபாய்? அதில என்ன சூழ்ச்சி?"

"ஐயா, பவுண்டை அமத்தினால் கூடக் காசு போகும். ரூபாய்!"

என் குரல் உயர்ந்துவிட்டது. அறையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். மனைவி தள்ளுவண்டியில் கிடக்கும்போது மாற்று விலையைப் பற்றிச் சண்டை போட்ட இரண்டு மனிதர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். திரையில் பச்சை நிறம் வந்தது.  தள்ளுவண்டியின் சில்லுச் சத்தம் கேட்டது, பிறகு இணைப்பு அறுந்தது.

டொறீன் எழும்பித் தன் கோப்பையை எடுத்தார். ஆறியிருந்ததால் குடிக்கவில்லை. "உங்கள் சனம் வேறு எந்த நாட்டையாவது இப்படி மாற்றிச் சொல்வார்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று அறிய எனக்கு வழியில்லை. வாடிக்கையாளரைத் திரும்ப அழைத்து நலம் விசாரிக்க எந்த விதியும் இடம் தராது. கொழும்பிலிருந்து வேறு கொடுப்பனவு ஏதும் வருகிறதா என்று கணக்கைத் திறந்து பார்க்கவும் கூடாது; காரணமில்லாமல் திறந்தால் அதுவும் பதிவாகும். சில நாட்கள் அந்தச் சில்லுச் சத்தத்தோடு வேலைக்குப் போய் வந்தேன்.

பிறகு டொறீன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்மேல் முறைப்பாடு வந்திருந்தது. செல்வராசா லண்டன் திரும்பியதும் தொலைபேசியில் கொடுத்த முறைப்பாடு; டொறீன் அதை வாசித்துக் காட்டினார். வங்கி ஊழியர் ஒருவர் தன்னைத் தமிழில் குறுக்குவிசாரணை செய்தார். மனைவி சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஊர்பேர் சொல்லாமல் மிரட்டினார். தான் நின்ற நாட்டின் பெயரைச் சொல்லவைத்தார். அந்தப் பதிவை அழிக்க வேண்டும். மனைவிக்கு இப்போது சுகம் என்றாலும் தனக்கு இரவில் நித்திரை இல்லை.

"மன்னிக்க வேண்டும், இது உங்கள் கோப்பில் சேரும்" என்றார் டொறீன்.

"பரவாயில்லை" என்றேன். மனைவிக்கு இப்போது சுகம் என்ற இடத்தை இன்னொருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அவரும் ஏன் என்று கேட்காமல் வாசித்தார்.

பதிவை அழிக்கச் சட்டம் விடவில்லை. ஆனால் டொறீன் வேறொன்று செய்தார். பயணக் குறிப்புப் போடும்போது நாங்கள் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றைச் சேர்க்க மேலிடத்தில் வாதாடி அனுமதி வாங்கினார். நாட்டின் பெயரைக் கேட்ட பிறகு, "பக்கத்து நாடுகளையும் சேர்க்கட்டுமா?" என்று எல்லா வாடிக்கையாளரையும் கேட்க வேண்டும். ஸ்பெயின் என்றவர்கள் போர்த்துக்கலையும் சேர்த்துக்கொண்டார்கள். எவருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

அடுத்த கோடையில் செல்வராசா தொலைபேசி எடுத்தார். தற்செயல் என்று நான் நம்பவில்லை. முன்னைய நாள் யாரோ ஒருவர் 'அந்தத் தமிழ்ப் பொடியனை'க் கேட்டதாகவும், அப்படிக் கேட்டு எடுக்க முடியாது என்றதும் திரும்பத் திரும்ப எடுத்து, வேறு குரல் கேட்டதும் வைத்துவிட்டதாகவும் சக ஊழியர்கள் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. பொடியன் என்றதை நான் மறுக்கவில்லை.

பாதுகாப்புக் கேள்விகளெல்லாம் ஆங்கிலத்தில் முடிந்தன. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எந்த நாட்டுக்குப் பயணம் என்று கேட்டேன்.

"இந்தியா" என்றார், கொஞ்சமும் தயங்காமல்.

"பக்கத்து நாடுகளையும் சேர்க்கட்டுமா?"

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. அப்போது அவருக்குப் பின்னாலிருந்து, பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே, ஒரு பெண் குரல் தமிழில் வந்தது.

"என்னப்பா யோசிக்கிறியள்? கொழும்புக்குப் போறம் எண்டு நேர சொல்லுங்கோவன். போன முறை உங்கட சென்னையால நான் பரலோகம் போகப் பாத்தனான்."

"இஞ்ச, நீ வாயை மூடிக்கொண்டு இரு. ரெக்கோட் ஆகுது." பிறகு என்னிடம், குரலைத் திருத்திக்கொண்டு, தமிழிலேயே சொன்னார்:

"இந்தியா மட்டும்தான் தம்பி. பக்கத்தில கிடக்கிறதுகளையும் ஒருக்காப் போட்டுவிடுங்கோ."